நீ தொடாமல் விட்ட கேள்விகள்

நாகபுரியில் இருக்கும் என் பிள்ளைக்கு,

அந்த நிர்வாகக் கல்லூரிக்கு மறுபடியும் மனுப் போடுவதற்கான கெடு நேற்று மாலை ஐந்து மணியோடு முடிந்துவிட்டது. அது முடியட்டும் என்றுதான் காத்திருந்தேன். ஒரு நாள் முன்னால் எழுதியிருந்தால், இந்தக் கடிதமும் உன்னைப் பரீட்சைக்குத் தள்ளுவதற்காக எழுதியது என்று உனக்குத் தோன்றியிருக்கும். எனக்கும் எழுதி முடிப்பதற்குள் அப்படி ஓர் ஆசை எங்கேயாவது நுழைந்திருக்கும். இனி இந்த வருஷத்துக்கு ஆசைப்பட ஒன்றும் இல்லை. நீ மனுப் போடவில்லை என்று எனக்குத் தெரியும். மனுப் பாரத்தை வரவழைத்து உனக்கு அனுப்பியது நான்தானே. அது பிரிக்கப்படாமலே திரும்பி வந்தது, உறையின் மேல் உன் கையெழுத்தில் நம் வீட்டு விலாசத்தோடு.

இந்தக் கடிதத்தின் உறையை நான் ஒட்டப்போவதில்லை. உன் நைனா சந்தைக்குப் போயிருக்கிறார். வந்ததும் அவரிடம் படிக்கக் கொடுப்பேன். படித்துவிட்டு அவரே ஒட்டட்டும். போன தடவை யாருக்கும் காட்டாமல் ஒரு கடிதம் எழுதி, யாருக்கும் தெரியாமல் தபாலில் போட்டேன். அதன் பலனைத்தான் மூன்று பேரும் மூன்று இடத்தில் இருந்துகொண்டு அனுபவிக்கிறோம். நானும் நைனாவும் ஒரே வீட்டில் இருந்தாலும் அது இப்போது இரண்டு இடம்தான்.

உன் பரீட்சை முடிவு வந்த நாளை நினைத்துப் பார்க்கிறேன். தபால்காரர் உறையை நம் கடலை மண்டியிலேயே கொடுத்துவிட்டார். நான் விஷயம் கேள்விப்பட்டு அங்கே வருவதற்குள் நைனா மூட்டை தைக்கிற ஆட்களுக்கெல்லாம் டீ சொல்லி அனுப்பிவிட்டார். "நாப்பத்தொண்ணு வாங்கிக்கிறான்! முப்பத்தஞ்சு தானே பாஸு?" என்று தராசுக்குப் பக்கத்தில் நின்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். நீ அவர் தோளைத் தொட்டு, "நைனா, இது மார்க்கு இல்ல. எழுதினவங்களை நூறு பேரா வரிசையில நிக்க வச்சா, எனக்குப் பின்னால நாப்பத்தொரு பேரு, அவ்ளோதான்" என்றாய். "அப்ப முன்னால?" என்றார். "மத்தவங்கல்லாம்." நைனா ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, "அடப்பாவி! ரேஷன் கடையில அந்த எடத்துல நின்னா சர்க்கரை தீந்துபூடுமேடா!" என்றார். மூட்டை தைக்கிறவர்கள் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். வந்த டீயை அவர்கள் குடித்தார்கள். நான் மட்டும் அந்தக் காகிதத்தை வாங்கி, வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் படித்தேன்.

அதில் மூன்று எண்கள் இருந்தன. கேள்விகள் எண்பது. நீ எழுதியது முப்பத்தெட்டு. சரியானவை முப்பத்தெட்டு. உனக்கு முன்னால் நின்றிருந்த ஐம்பத்தெட்டுப் பேரும் உன்னைவிடக் கணக்குத் தெரிந்தவர்கள் இல்லை. அவர்கள் தப்பும் சரியுமாக எழுபது கேள்விகளைத் தொட்டிருப்பார்கள். நீ ஒரு தப்புகூடச் செய்யாமல் பாதி வழியில் நின்றுவிட்டாய். "நாலாவது கேள்வியை மூணு தடவை சரிபாத்தேம்மா. மொத தடவையே சரியாத்தான் வந்திச்சு. ஆனா அடுத்ததுக்குப் போவ கை வரல" என்று வீட்டுக்கு வந்து சொன்னாய். குறையாகச் சொல்லவில்லை. மழை வந்தது, பஸ் வரவில்லை என்பதுபோலச் சொன்னாய். எனக்குத்தான் தெரிந்தது. அந்த நாற்பத்தொன்று நான் வாங்கியது.

உனக்கு ஒன்பது வயதிருக்கும். மாலை நேரம். தெருவில் பிள்ளைகள் உன்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பத்துக் கணக்கையும் முடித்துவிட்டுச் சிலேட்டை வைத்துவிட்டு ஓடினாய். நான் வாசலுக்கு வந்து உன்னைத் திருப்பி அழைத்தேன். எட்டாவது கணக்கைத் திருப்பிப் போட்டுப் பார்க்கவில்லை என்று. "சரியாத்தாம்மா இருக்குது, பாத்துட்டேனே" என்றாய். "பார்த்தது போதாது. விடையிலிருந்து பின்னாலேயே வந்து பார்" என்றேன். நீ உட்கார்ந்து பின்னாலேயே வந்தாய். விடை சரியாகத்தான் இருந்தது. தலையை நிமிர்த்தியபோது தெருவில் பிள்ளைகள் இல்லை. கோட்டைப் பக்கம் போய்விட்டிருந்தார்கள். நீ அழவில்லை. ஒன்பதாவது கணக்கையும் பத்தாவதையும்கூடப் பின்னாலேயே வந்து பார்த்துவிட்டு எழுந்தாய். எவ்வளவு நல்ல பிள்ளை என்று அன்றைக்கு எனக்குப் பெருமையாக இருந்தது. இப்போது அந்த வாசலை நினைத்தால் அங்கே நிற்கும் பெண்பிள்ளையின் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப்போக வேண்டும்போல இருக்கிறது.

அவள் ஏன் அப்படி நின்றாள் என்பதை உனக்கு நான் சொன்னதில்லை. நான் பி.ஏ. கணிதம் படித்தவள் என்று உனக்குத் தெரியும். எந்த வகுப்பில் தேறினேன் என்று நீ கேட்டதில்லை, நானும் சொல்லவில்லை. மூன்றாம் வகுப்பு. கடைசிப் பரீட்சையில் முதல் கணக்கின் இரண்டாவது வரியிலேயே கூட்டல் குறியைக் கழித்தல் என்று எழுதிவிட்டு, நான்கு பக்கம் வேகமாக எழுதிக்கொண்டே போனேன். வெளியே வந்த பிறகுதான் தெரிந்தது. பெண்ணைச் சென்னைக்குப் படிக்க அனுப்பியதற்காக என் அப்பாவோடு பேச்சை நிறுத்திக்கொண்ட உறவினர்கள் இருந்தார்கள். அவர் என்னைத் திட்டவில்லை. "போதும்மா, வீட்டுக்கு வந்துடு" என்றார். மேலே படிக்க வேண்டும் என்ற பேச்சு அந்த வரியோடு முடிந்தது. அடுத்த தையில் கல்யாணம். அந்த ஒரு கழித்தல் குறியை இருபது வருஷமாக நான் திருத்திக்கொண்டிருந்தேன், உன் சிலேட்டில்.

உன் நைனாவிடம் நீ வளர்ந்திருக்க வேண்டும். இதை அவர் படிக்கும்போது சிரிப்பார், சிரிக்கட்டும். அவர் மல்லாட்டை வாங்குவதை நீ சின்ன வயதில் பார்த்திருக்கிறாய். வண்டியில் இருபது மூட்டை வந்து நிற்கும். ஒரு மூட்டைக்குள் முழங்கை வரை விட்டு ஒரு பிடி எடுப்பார். ஒன்றைக் காதோரம் ஆட்டுவார். மூன்றைக் கட்டைவிரலால் நசுக்கிப் பருப்பைப் பார்ப்பார். விலை சொல்லிவிடுவார். "மத்த மூட்டையும் பாத்துட்டுச் சொல்லுங்க நயினாரே" என்று வண்டிக்காரர் கேட்டால், "பூரா ஒடைச்சிப் பாத்தா மல்லாட்டையும் மிஞ்சாது, பொழுதும் மிஞ்சாதுய்யா" என்பார். சில நாள் ஏமாந்தும் போவார். அடி மூட்டையில் சுருங்கின பருப்பாக இருக்கும். நான் கேட்டால், "பத்துல ஒண்ணு போவும். ஒம்போது வந்துதா இல்லியா?" என்று கை அலம்பப் போய்விடுவார். பள்ளிக்கூட விடுமுறையில் மண்டிக்குப் போகிறேன் என்று நீ எத்தனை தடவை கேட்டாய். படிக்கிற பிள்ளைக்கு அங்கே என்ன வேலை என்று தடுத்தவள் நான். வியாபாரத்தைப் பாடமாகச் சொல்லித்தர வடக்கே ஒரு கல்லூரி திறந்திருக்கிறார்கள் என்று பத்திரிகையில் படித்து, விளம்பரத்தைக் கத்தரித்து உனக்குக் கொடுத்தவளும் நான்தான். அந்தக் கல்லூரியின் பரீட்சை கேட்டதெல்லாம் நைனாவின் அந்த ஒரு பிடியைத்தான். அந்தப் பிடி இருக்கிற வீட்டிலேயே உன்னை வளர்த்து, அது உன் கைக்கு வராமல் பார்த்துக்கொண்டேன்.

இதோடு நின்றிருந்தால் இந்தக் கடிதத்துக்கு அவசியம் இருந்திருக்காது. ஒரு தாய் பிள்ளைக்குத் தப்பாகச் சொல்லிக்கொடுத்தாள், பிள்ளை ஒரு பரீட்சையில் பின்தங்கினான், உலகத்தில் நடக்காததில்லை. பிறகு நடந்ததைத்தான் சொல்ல வேண்டும்.

பரீட்சை முடிவோடு கல்லூரிக்கு அனுப்ப வேண்டிய பாரத்தின் கடைசிப் பக்கத்தில், பரீட்சை முடிவைப் பற்றி ஏதாவது விளக்கம் சொல்ல விரும்பினால் எழுதலாம் என்று பாதிப் பக்கம் காலியாக விட்டிருந்தார்கள். நீ அதில் ஒரே ஒரு வரி எழுதினாய். எழுதிய கேள்விகளைச் சரியாக எழுதினேன், மற்றவற்றைத் தொட நேரமில்லை, வேறு காரணம் ஏதும் இல்லை என்று. படித்துவிட்டு நான் கேட்டேன்.

"இவ்வளவுதானாடா? பாதிப் பக்கம் விட்டிருக்காங்களே."

"நடந்தது அவ்ளோதாம்மா."

"நம்ம நெலமையை எடுத்து எழுதலாம். நைனாவுக்கு உடம்பு சரியில்லாம இருந்துது. சீசன் நேரம் வேற."

"நைனாவுக்கு இன்னா உடம்பு? பல்லுதானே புடுங்கினாங்க."

"பல்லுன்னா நோவு இல்லியா?"

"நோவு அவருக்கு. பரிச்சை எழுதினது நானு."

சொல்லிவிட்டு உறையை நாக்கால் நனைத்து ஒட்டினாய். எட்டு வயதில் ஜினர் கோயிலில் உனக்கு விரதம் கொடுத்தபோது, பொய் சொல்ல மாட்டேன் என்பதை நீ மட்டும்தான் கணீரென்று சொன்னாய். மற்றப் பிள்ளைகள் வாயை மட்டும் அசைத்தார்கள். அன்றிலிருந்து நீ சொன்னதை நான் சரிபார்க்க வேண்டியிருந்ததில்லை. ஆனாலும் அந்த ஒரு வரி எனக்குப் பொறுக்கவில்லை. அதில் உனக்கு ஒரு சாக்கும் இல்லை, எனக்கும் இல்லை.

அடுத்த வாரம் தளவானூரில் உன் அத்தை வீட்டுக் கல்யாணம். பொழுது சாய்வதற்குள் பந்தி முடிய வேண்டுமே என்று எல்லாரும் அவசர அவசரமாக உட்கார்ந்திருந்தோம். உன் அத்தை இலை போட்டுக்கொண்டே என் எதிரில் நின்றாள். "இன்னா அண்ணி, மாப்ளை பெரிய மேனேசரு ஆயிட்டாராமே? எப்ப ரயில் ஏறறாரு?" என்றாள். நான் இலையில் தண்ணீர் தெளித்தேன். "பாதிக் கேள்வியத் தொடவே இல்லியாமே? பி.ஏ. படிச்ச அம்மா பக்கத்துல குந்திகினு சொல்லிக் குடுத்துமா?" என்றாள். பந்தியில் இரண்டு பேர் சிரித்தார்கள். அவளும் கெட்ட மனசோடு சொல்லவில்லை; அவளுக்கு வாய் அப்படி. ஆனால் அவள் கை வைத்தது சரியான இடத்தில். நான் இலையைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன். பஸ்ஸில் திரும்பி வரும்போதே ஆங்கில வாக்கியங்கள் மனசுக்குள் ஓட ஆரம்பித்துவிட்டன. இதைக் கவனி: உனக்காக என்றுதான் எனக்குச் சொல்லிக்கொண்டேன். அந்தப் பந்தியில் சிரித்தவர்களுக்காக எழுதினேன்.

மறுநாள் நீயும் நைனாவும் வெளியே போன பிறகு உட்கார்ந்து எழுதினேன். இரண்டு பக்கம். என் பெயருக்குப் பின்னால் பி.ஏ. என்று போட்டுக் கையெழுத்திட்டேன். அதில் ஒரு வாக்கியமும் பொய் இல்லை; அதுதான் என் சாமர்த்தியம். பரீட்சை நடந்த சமயத்தில் அவன் தந்தை சிகிச்சையில் இருந்தார் என்று எழுதினேன். இருந்தார், திண்டிவனத்தில் பல் பிடுங்கிக்கொண்டு, கன்னத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு. அவன் எங்களுக்கு ஒரே பிள்ளை என்று எழுதினேன். அறுவடைக் காலமானதால் வியாபாரத்தை யாராவது கவனித்தே ஆக வேண்டியிருந்தது என்று எழுதினேன். கவனித்தவர் துண்டு கட்டிய நைனாவேதான். விரதம் எனக்கும் உண்டு. அதை மீறாமல் எழுத வேண்டும் என்று ஒவ்வொரு வாக்கியத்தையும் தனியாக எடுத்துச் சரிபார்த்தேன், எட்டாவது கணக்கை உன்னைப் பார்க்கச் சொன்ன மாதிரியே. எல்லாம் சரியாக இருந்தது. ஒன்றாகச் சேர்த்துப் படிக்கிறவன், சாகக் கிடக்கிற தகப்பனுக்குப் பக்கத்திலிருந்து எழுந்துபோய்ப் பரீட்சை எழுதிய ஒரு பிள்ளையைப் பார்ப்பான். அப்படித்தான் அவன் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

எட்டு நாள் கழித்து நேர்முகத்துக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது. நீ கூடத்தில் ஒரு சுற்றுச் சுற்றினாய்; உன்னை அப்படி நான் பார்த்ததே இல்லை. "அந்த ஒரு வரிக்குத்தாம்மா கூப்டுருக்காங்க. பாரேன்" என்றாய். நான் தலையை ஆட்டினேன். உள்ளுக்குள், பைத்தியக்காரப் பிள்ளை, இது உன் வரிக்கு வந்ததில்லை, என் இரண்டு பக்கத்துக்கு வந்தது என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன். சொல்லவில்லை. அன்றைக்குச் சொல்லியிருந்தால்கூட நீ தயாராகப் போயிருப்பாய். அந்த அழைப்பில் இருந்த தேதியைப் பிறகு ஒரு நாள் பார்த்தேன். நான் என் கடிதத்தைத் தபாலில் போட்ட நாளுக்கு முந்தின நாள். உன் வரிக்குத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். உன் வரி போதுமானதாக இருந்தது.

சென்னையிலிருந்து நீ திரும்பி வந்த மாலையை நான் மறக்க வழியில்லை. பொழுது இன்னும் இருந்தது. சீக்கிரம் சாப்பிட்டுவிடு என்று தட்டை வைத்தேன். நீ கை கால் கழுவாமல் தட்டின் முன்னால் உட்கார்ந்தாய்.

"ரெண்டும் மேசை மேல இருந்துதும்மா. என் பாரமும், உன் லெட்டரும்."

நான் தண்ணீர்ச் சொம்பைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"அஞ்சு பேரு. நடுவுல ஒரு பெரியவரு. நல்லாத்தான் பேசினாரு. வேற காரணம் இல்லன்னு நீ எழுதிக்கிற, உங்க அம்மா இப்டி எழுதிக்கிறாங்க, ரெண்டுல எது நெஜம்னு கேட்டாரு."

"நீ இன்னா சொன்ன?"

நீ என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. "அம்மா எழுதினதுதான் சரின்னு சொன்னேன்."

"ஏண்டா..."

"வேற இன்னா சொல்றது? அஞ்சு பேரு எதுர்ல எங்க அம்மா பொய் எழுதிட்டாங்கன்னா?"

அதற்குப் பிறகு அவர், அப்படியானால் நீ கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வரி தவறு என்று ஆகிறதே என்று கேட்டாராம். நீ ஆமாம் என்றாயாம். அவர் பாரத்தை மூடிவைத்தாராம். இதைச் சொல்லி முடிப்பதற்குள் வெளியே இருட்டிவிட்டது. இருட்டின பிறகு இந்த வீட்டில் யாரும் சாப்பிடுவதில்லை. நீ தட்டை எடுத்துக்கொண்டுபோய்ச் சமையலறையில் வைத்துவிட்டு வந்தாய். இந்த ஒரு நாளைக்குப் பரவாயில்லை, சாப்பிடு என்று சொல்ல என் வாய் வரைக்கும் வந்தது. எதை மீறச் சொல்லவும் எனக்கு அன்றைக்கு யோக்கியதை இல்லை.

விஷயம் தெரிந்ததும் நைனா என் எதிரில் வந்து உட்கார்ந்து, வாயைத் திறந்து அந்தக் காலி இடத்தை விரலால் காட்டினார். "இந்த ஒரு ஓட்டைக்கா ரெண்டு பக்கம் இங்கிலீசு எழுதின?" என்றார். வழக்கம்போல வேடிக்கையாகத்தான் ஆரம்பித்தார். ஆனால் சிரிக்கவில்லை. எழுந்து மண்டிக்குப் போய்விட்டார். இல்லை என்ற பதில் தபாலில் வந்தபோது அதை யாரும் முழுசாகப் படிக்கவில்லை. நூல் ஆலையில் ஸ்டோர் குமாஸ்தா வேலை என்று நாகபுரியிலிருந்து வந்த கடிதத்தை மட்டும் நீ படித்தாய். போகாதே என்று நானும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. பஸ் ஏறும்போது, "வெயில் ஜாஸ்தியாம்மா அங்க, குடை வாங்கிக்கிறேன்" என்றாய். அவ்வளவுதான் நாம் பேசிக்கொண்டது.

போன மாதம் நைனா உன்னைப் பார்த்துவிட்டு வந்தார். "நல்லாத்தான் இருக்கான். எளைச்சிப்பூடல. ஆனா எதைக் கேட்டாலும் உங்க இஷ்டம், உங்க இஷ்டம்ங்கறான்" என்றார். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டு நாள் யோசித்து உனக்குக் கார்டு எழுதினேன். என் கடிதம் தவறு என்று அந்தக் கல்லூரிக்கு நானே எழுதிவிடுகிறேன், உன் வரிதான் உண்மை என்று சொல்லிவிடுகிறேன், அனுப்பட்டுமா என்று கேட்டேன். இந்தத் தடவை உன்னைக் கேட்டுவிட்டுச் செய்கிறேன் என்று எனக்கு ஒரு திருப்தி. உன் பதில் வந்தது. "உங்கள் இஷ்டம், அம்மா. இங்கே நல்ல மழை." பிறந்ததிலிருந்து என்னை 'நீ' என்று கூப்பிட்ட பிள்ளை.

அதைச் சம்மதம் என்றே எடுத்துக்கொண்டு கடிதம் எழுதினேன். ஒரு பக்கம்தான். பல் பிடுங்கியதைப் பல் பிடுங்கியது என்றே எழுதினேன். தபால் ஆபீசுக்குப் போனேன். ஜன்னலில் இருந்த பிள்ளை, "ரிஜிஸ்டரா, சாதாவாம்மா?" என்று கேட்டான். பதில் சொல்லுமுன் கடைசியாக ஒரு தடவை சரிபார்ப்போம் என்று பிரித்துப் படித்தேன். அப்போதுதான், இத்தனை நாளில் முதல் தடவையாக, வாக்கியம் வாக்கியமாகப் படிக்காமல் முழுசாகப் படித்தேன். என் முதல் கடிதம் பொய் என்று நான் எழுதினால், அதைச் சரி என்று ஐந்து பேர் எதிரில் நீ சொன்னது பொய். எழுதாவிட்டால், பாரத்தில் நீ எழுதிய வரி பொய். என்னை எப்படித் திருத்தினாலும் அவர்கள் வைத்திருக்கும் காகிதத்தில் நீ பொய் சொன்னவனாகத்தான் இருப்பாய். உண்மை என்று மிச்சம் இருப்பதைச் சொல்லக்கூட எனக்கு வழியில்லாமல் செய்துகொண்டுவிட்டேன். "அம்மா, பின்னால ஆளுங்க நிக்கறாங்க" என்றான் அந்தப் பிள்ளை. கடிதத்தை மடித்துக்கொண்டு நகர்ந்தேன். பத்து நிமிஷம் ஓரமாக நின்றேன். பிறகு வீட்டுக்கு வந்தேன். அதற்குப் பிறகுதான் அந்தப் புதுப் பாரத்தை வரவழைத்து உனக்கு அனுப்பினேன், புத்தி இருக்கிறவள் செய்கிற காரியமா அது, சொல்.

எனக்கு நாற்பத்தைந்து வயது. பிள்ளைக்கு அறிவுரை சொல்கிற வயது. ஆனால் சொல்ல ஆரம்பித்தால் ஒவ்வொன்றும் என் கையிலேயே நிற்கிறது. திருப்பிப் பார்க்காதே என்று சொல்வேன். நான் இந்தக் கடிதத்தையே நாலு தடவை திருப்பிப் பார்த்துவிட்டேன். வேலையில் மூட்டை எண்ணும்போது ஒன்று தப்பினால் தப்பட்டும் என்று சொல்வேன். தப்பினால் உன்னைக் கேட்பார்களே என்று எனக்கே பயமாக இருக்கிறது. ஆகையால் ஒன்றே ஒன்று சொல்கிறேன், அதுவும் அறிவுரை இல்லை. உனக்காகப் பேச யாரையும் விடாதே. உன் ஒரு வரி போதும். அதைப் பெரிதாக்குகிறேன் என்று யார் வந்தாலும், அது நானாக இருந்தாலும், தடுத்துவிடு.

அன்றைக்கு அந்த அறையில் நீ என்னைக் காப்பாற்றினாய். காப்பாற்றப்பட்டவள் எப்படி இருக்கிறேன் என்று பார். இனி ஒரு தடவை எங்கேயாவது உன் எதிரில் என் கடிதத்தை வைத்து எது நிஜம் என்று கேட்டால், எங்க அம்மா எழுதினது பொய் என்று சொல். சொல்லிப் பழக்கமில்லை உனக்கு. ஐந்து பேர் எதிரில் சொல்லவில்லை. பஸ்ஸில் ஏறும்போது குடையைப் பற்றிப் பேசினாயே தவிர, என்னிடம்கூட நீ அதைச் சொல்லவில்லை. என்றைக்காவது லீவு கிடைத்தால் வா. பொழுது சாய்வதற்குள் வந்தாலும் சரி, இருட்டின பிறகு வந்தாலும் சரி. முதலில் என்னிடம் சொல்லிப் பழகு. "நீ எழுதினது பொய்யிம்மா" என்று உன் வாயால் ஒரு தடவை சொல். நான் ஒன்றும் பதில் பேச மாட்டேன்.

உன் அம்மா